14 பேர் ஆபீஸ், மாதம் 21,500 சந்தா: சொந்த சர்வருக்கு மாறினால் உண்மையில் எவ்வளவு மிஞ்சும்?

கொங்குநூல்:

வணக்கம். திருப்பூரில் சின்ன பையிங் ஆபீஸ் (பையர்களுக்காக ஆடை ஆர்டர்களைக் கவனிக்கும் இடம்). மெர்ச்சண்டைசிங், டிசைன், கியூசி, அக்கவுண்ட்ஸ் எல்லாம் சேர்த்து 14 பேர். மாதாமாதம் போகிற சந்தா இது: மெயிலும் ஸ்டோரேஜும் சேர்ந்த திட்டம் ஆளுக்கு 700 வீதம் 9,800. ஆர்டர் பாலோ-அப்புக்கான டாஸ்க் போர்டு ஆளுக்கு 500 வீதம் 7,000. பாஸ்வேர்டு மேனேஜர் 3,500. பையருக்குப் பெரிய பைல் அனுப்பும் சேவை 1,200. ஆக 21,500, வருடத்துக்கு 2,58,000. இதற்குப் பதிலாக இலவச ஓபன் சோர்ஸ் மென்பொருளை ஆபீஸிலேயே ஒரு சொந்த சர்வரில் ஓட்டலாமா என்று யோசிக்கிறோம்.

டேட்டா 1.6 டிபி இருக்கிறது. டெக் பேக் (ஆடையின் முழு விவரத் தாள்), ஆர்ட்வொர்க், பேட்டர்ன் பைல், லேப் டிப் (சாய நிற மாதிரி) போட்டோ இவைதான். இணைப்பு 200 எம்பிபிஎஸ் பைபர், ஸ்டாட்டிக் ஐபி (மாறாத இணைய முகவரி) கிடையாது. டிசைன் ரூமில் 2 மேக், மற்றதெல்லாம் விண்டோஸ். மூன்றாம் தலைமுறை ஐ5 டெஸ்க்டாப் ஒன்று சும்மா கிடக்கிறது, 8 ஜிபி ராம், 500 ஜிபி டிஸ்க். வாரம் ஒரு நாள் சிஸ்டம் பார்க்க வருகிறவருக்கு லினக்ஸ் ஓரளவு கைவரும்.

அந்தப் பழைய மெஷினிலேயே எல்லாவற்றையும் போட்டுவிடலாமா? மெயிலையும் சேர்த்து மாற்றலாமா? டேலியை என்ன செய்வது? கரண்ட் போனால் என்ன ஆகும்? இதெல்லாம் ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் சொல்லுங்கள்.

டெபியன்தாசன்:

முதலில் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று பிரித்துக்கொள்ளுங்கள். பைல், பாஸ்வேர்டு, டாஸ்க் போர்டு மூன்றும் தாராளமாக உள்ளே வரலாம். மெயில் வெளியிலேயே இருக்கட்டும், ஏன் என்று கீழே யாராவது எழுதுவார்கள். டேலியும் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.

பழைய மெஷினில் போடாதீர்கள். பிராசசர் போதாது என்பதல்ல காரணம். அந்த வயது டிஸ்க்கையும் பவர் சப்ளையையும் நம்பி 1.6 டிபி ஆர்டர் பைல்களை வைக்க முடியாது. அதற்கு வேறு வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன். எட்டாம் தலைமுறை ஐ5 போட்ட ரீஃபர்பிஷ்டு டவர் ஒன்று, 16 ஜிபி ராமோடு வாங்குங்கள். மினி பிசி பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதில் 2.5 அங்குல டிஸ்க் ஒன்றுதான் போகும். 2 டிபிக்கு மேற்பட்ட 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க்குகள் 15 மிமீ தடிமன், அந்த இடத்தில் நுழையவே நுழையாது. டவரில் 3.5 அங்குல டிஸ்க் இரண்டு போடலாம்.

அந்த இரண்டும் 4 டிபி நாஸ் வகை (எந்நேரமும் ஓடுவதற்கென்று செய்த) டிஸ்க்காக இருக்கட்டும். வாங்கும்போது சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் எழுதும் வகை) என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எஸ்எம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் வகை) டிஸ்க் சாதாரண நாளில் வித்தியாசம் காட்டாது. ஒன்று செத்து, மற்றதிலிருந்து ரெய்டை (இரண்டு டிஸ்க்கிலும் ஒரே டேட்டாவை எழுதும் அமைப்பு) மறுபடி கட்டும்போதுதான் நாள்கணக்கில் இழுக்கும். இரண்டையும் எம்டிஏடிஎம் (லினக்ஸின் ரெய்டு கருவி) மூலம் ரெய்டு 1 ஆக்கி இஎக்ஸ்டி4 (லினக்ஸின் பைல் அமைப்பு) போடுங்கள். இசட்எஃப்எஸ் (ரெய்டையும் தானே பார்த்துக்கொள்ளும் பைல் அமைப்பு) நல்லதுதான், ஆனால் வாரம் ஒரு நாள் வருகிறவர் இரவு 9 மணிக்கு போனில் சரிசெய்ய வேண்டிவந்தால் எம்டிஏடிஎம் எளிது. ஓஎஸ்ஸும் டேட்டாபேஸும் தனியாக 500 ஜிபி என்விஎம்இயில் (வேகமான எஸ்எஸ்டி) இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. ரெய்டில் ஒரு டிஸ்க் போனால் சர்வர் எதுவும் நடக்காதது போல ஓடும். எம்டிஏடிஎம் மெயில் அனுப்பும்படி அமைக்கவில்லை என்றால், இரண்டாவதும் போகும் அன்றுதான் முதலாவது போன செய்தியே தெரியவரும். ஸ்மார்ட்டிடி (டிஸ்க்கின் நிலையைக் கண்காணிக்கும் கருவி) அறிவிப்பையும் சேர்த்து முதல் நாளே அமைத்து, ஒரு டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி மெயில் வருகிறதா என்று பாருங்கள்.

ஓஎஸ் டெபியன் 13 (லினக்ஸ்). அதன் மேல் டாக்கர் (மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளாக, அதாவது கன்டெய்னர்களாக, ஓட்டுவது), அதில் நெக்ஸ்ட்கிளவுட் (சொந்த சர்வரில் ஓடும் பைல் பகிர்வு மென்பொருள்), எல்லாம் சேர்ந்து வரும் ஆல்-இன்-ஒன் தொகுப்பாக. தனித்தனியாக பிஎச்பி, ரெடிஸ், போஸ்ட்கிரெஸ் (அதற்கு வேண்டிய நிரல் மொழி, கேஷ், டேட்டாபேஸ்) என்று அமைத்து அழகு பார்ப்பவர்கள் உண்டு, உங்களுக்கு அது வேண்டாம். ஆல்-இன்-ஒன்னில் கவனிக்க வேண்டியவை:

டேட்டா டைரக்டரி எங்கே என்பதை முதல் முறை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் எல்லாம் 500 ஜிபி என்விஎம்இக்குள் போய் உட்காரும், பிறகு மாற்றுவது பெரும்பாடு.

தினசரி பேக்கப் நேரத்தை அது யூடிசியில் (நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் உள்ள உலகப் பொது நேரம்) கேட்கும். அதிகாலை 2 மணி என்று நினைத்து 02:00 போட்டால் நம் நேரம் காலை 7:30க்குத் தொடங்கும். பேக்கப் ஓடும்போது கன்டெய்னர்களை நிறுத்திவிடும், அதனால் ஆபீஸ் திறக்கும் நேரத்தில் நெக்ஸ்ட்கிளவுட் படுத்திருக்கும். 20:30 என்று போடுங்கள். முதல் பேக்கப் 1.6 டிபி முழுவதும் எழுதும், பல மணி நேரம் பிடிக்கும். அதை சனிக்கிழமை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பேக்கப் எழுதுவது போர்க்பேக்கப் (சுருக்கமாக போர்க்) என்ற கருவி. யூஎஸ்பி டிஸ்க் கடையிலிருந்து எக்ஸ்ஃபேட்டாகவோ என்டிஎஃப்எஸ்ஸாகவோ வரும், அழித்து இஎக்ஸ்டி4 ஆக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள். யூஎஸ்பி டிஸ்க் இரண்டு வேண்டும், ஏ, பி என்று வையுங்கள். டிஸ்க் ஏ எப்போதும் செருகியிருக்கட்டும். டிஸ்க் பியை வாரம் ஒரு நாள் கொண்டுவந்து, பேக்கப் ஓடாத நேரத்தில் ஆர்சிங்க் (நகலெடுக்கும் கட்டளை) கொடுத்து ஏயில் இருக்கிற போர்க் ரெப்போவை (பேக்கப் கிடங்கு) நகலெடுத்து, திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றிச் செருகி நேரடியாக எழுத நினைக்காதீர்கள். ரெப்போ வேறு என்று போர்க் முரண்டுபிடிக்கும். மூன்றாவது நகல் ஏதாவது ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் (இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் சேமிப்பிடம்), ஆர்குளோன் (அங்கே ஏற்றும் கருவி) மூலம். போர்க் ஏற்கெனவே என்கிரிப்ட் செய்துவிடுவதால் அங்கே தனியாகப் பூட்ட வேண்டியதில்லை. பக்கெட்டில் (அங்கே உங்களுக்கான பெட்டி) வெர்ஷனிங்கும் (பழைய பதிப்புகளை வைத்திருப்பது) ஆப்ஜெக்ட் லாக்கும் (குறித்த காலம்வரை அழிக்கவிடாத பூட்டு) போட்டுவையுங்கள். ரான்சம்வேர் (பைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) ஒரு லேப்டாப்பில் புகுந்தால் சிங்க் கிளையன்ட் கெட்டுப்போன பைல்களையும் விசுவாசமாக சர்வருக்கு ஏற்றும். சர்வருக்குள்ளேயே ஆள் புகுந்தால் ஆர்குளோன் சாவியை வைத்து வெளி நகலையும் அழிப்பார்கள். லாக் இருந்தால் அழிக்க முடியாது.

முதல் முறை ஏற்றும் கணக்கு: உங்கள் அப்லோடு 100 எம்பிபிஎஸ் கிடைத்தால் 1.6 டிபிக்கு ஒன்றரை நாள். பல பைபர் திட்டங்களில் மாத வரம்பு 3.3 டிபி. பாதி அதிலேயே போய்விடும் என்பதால் புது பில்லிங் சைக்கிள் தொடங்கும் நாளில் ஆரம்பியுங்கள்.

இப்போது அந்தப் பழைய ஐ5. அதுதான் ரீஸ்டோர் சோதனை மெஷின். மாதம் ஒரு முறை டிஸ்க் பியை அதில் செருகி, ஏதாவது ஒரு சீசன் போல்டரை மட்டும் போர்க் எக்ஸ்ட்ராக்ட்டில் எடுத்து, டெக் பேக் பிடிஎஃப் திறக்கிறதா, கோரல் (வரைகலை மென்பொருள்) பைல் திறக்கிறதா என்று ஒரு மெர்ச்சண்டைசரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பைக் கணக்கில் சேர்க்க முடியாது.

பாஸ்வேர்டுக்கு வால்ட்வார்டன். பிட்வார்டன் (பாஸ்வேர்டு மேனேஜர்) ஆப்களோடு அப்படியே வேலை செய்யும், ராம் சில நூறு எம்பிகூடக் கேட்காது. எச்டிடிபிஎஸ் இல்லாமல் பிரவுசரில் திறக்காது. எல்லோருக்கும் கணக்கு திறந்த மறுநிமிடமே சைன்-அப்பை மூடிவிடுங்கள். அதன் டேட்டாபேஸான எஸ்கியூலைட் பைலை ஓடும்போது அப்படியே காப்பி செய்யாமல் அதன் பேக்கப் கட்டளையால் எடுங்கள். சர்வர் படுத்தாலும் ஆப்பில் கடைசியாக சிங்க் ஆனவை படிக்கக் கிடைக்கும், அதுவரை பயமில்லை. ஆனால் போர்க்கின் பாஸ்பிரேசை வால்ட்வார்டனில் மட்டும் வைக்காதீர்கள். சர்வர் எரிந்தால் பேக்கப்பைத் திறக்கும் சாவி அந்தப் பேக்கப்புக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். தாளில் எழுதி இரண்டு இடத்தில் வையுங்கள்.

டாஸ்க் போர்டுக்கு நெக்ஸ்ட்கிளவுடின் டெக் என்ற ஆப் போதும். ஸ்டைல் ஒன்றுக்கு ஒரு கார்டு, சாம்பிள், லேப் டிப், ஸ்ட்ரைக்-ஆஃப் (பிரிண்ட் மாதிரி), பல்க் (மொத்த உற்பத்தி) என்று நெடுவரிசை. கான்ட் சார்ட் (எந்த வேலை எந்த நாளில் என்ற வரைபடம்) வேண்டும், டைம் ஷீட் வேண்டும் என்றால் ஓபன்ப்ராஜெக்ட் பார்க்கலாம், ஆனால் அது ராம் தின்னும்.

வலைப்பின்னல்:

மேலே சொன்னது சரி. வெளியிலிருந்து எப்படி நுழைவது என்பதைத் தொடவில்லை, இங்கேதான் நிறைய பேர் இரண்டு வாரம் தொலைக்கிறார்கள்.

ரவுட்டரின் வான் ஐபியை (வெளி இணையப் பக்கத்து முகவரி) பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கினால் சிஜிநாட்டுக்குள் (பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே வெளி ஐபி) இருக்கிறீர்கள், போர்ட் பார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை உள்ளே சர்வருக்குத் திருப்புவது) எத்தனை முறை போட்டாலும் பலிக்காது. வழி மூன்று: காசு கொடுத்து ஸ்டாட்டிக் ஐபி வாங்கலாம். கிளவுட்ஃபிளேர் டனல் (அந்த நிறுவனத்தின் சர்வர் வழியாக உள்ளே வரும் பாதை) போடலாம். அல்லது சின்ன விபிஎஸ் (வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் சர்வர்) ஒன்று எடுத்து அதற்கும் ஆபீஸுக்கும் நடுவே வயர்கார்டு (என்கிரிப்ட் செய்த விபிஎன் பாதை) போட்டு, விபிஎஸ்ஸில் ரிவர்ஸ் பிராக்ஸி (வருகிற கோரிக்கைகளை ஆபீஸ் சர்வருக்குக் கடத்துவது) வைக்கலாம்.

டனல் இலவசம்தான். ஆனால் இலவசத் திட்டத்தில் ஒரு அப்லோடு கோரிக்கை 100 எம்பிக்கு மேல் போகாது. நெக்ஸ்ட்கிளவுட் கிளையன்ட் துண்டு துண்டாக அனுப்புவதால் சமாளித்துவிடும், துண்டின் அளவை யாராவது கூட்டிவைத்தால் 413 (கோரிக்கை மிகப் பெரிது) பிழை வரும். என் ஓட்டு விபிஎஸ்ஸுக்கு. மாதம் 600 ரூபாய்க்குள் முடியும், பையருக்குக் கொடுக்கிற லிங்க் உங்கள் டொமைனிலேயே இருக்கும்.

வயர்கார்டில் ஒரே ஒரு இடத்தில் எல்லோரும் சிக்குவார்கள்: எம்டியூ (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, பைட்டில்). பல பைபர் இணைப்பு பிபிபிஓஇ (பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து இணையும் முறை), அதன் எம்டியூ 1492. வயர்கார்டின் இயல்பு மதிப்பு 1420, இது 1500 என்று நம்பிப் போட்ட கணக்கு. அறிகுறி இப்படி இருக்கும்: லாகின் பக்கம் வரும், போல்டர் பட்டியல் வரும், 300 எம்பி ஆர்ட்வொர்க்கை டவுன்லோடு கொடுத்தால் 2 சதவீதத்தில் நிற்கும். பிங் சரியாகப் போகும், அதனால் சந்தேகமே வராது. இரண்டு முனையிலும் 1412 போடுங்கள், தீரவில்லை என்றால் 1380.

அடுத்தது, ஆபீஸுக்குள் இருப்பவர்கள் அதே டொமைனைத் திறந்தால் பைல் விபிஎஸ் வரை போய்த் திரும்பி வரும். அடுத்த மேஜைக்கு அனுப்ப வேண்டிய பார்சலை மும்பை வழியாக அனுப்புவது போல. ரவுட்டரிலோ ஒரு சின்ன டிஎன்எஸ் (டொமைன் பெயரை ஐபியாக மாற்றும்) சர்வரிலோ அந்த டொமைனுக்கு சர்வரின் உள் ஐபியைக் கொடுத்துவிடுங்கள். உள்ளேயும் எச்டிடிபிஎஸ் வேண்டும் என்பதால் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழை (எச்டிடிபிஎஸ்ஸுக்கான இலவசச் சான்றிதழ்) டிஎன்எஸ் சவால் முறையில் (டொமைன் உங்களுடையது என்று டிஎன்எஸ் பதிவால் காட்டுவது) எடுப்பது நல்லது, 80ஆம் போர்ட் திறக்க வேண்டிய அவசியமே இருக்காது. சான்றிதழ் 90 நாள். முடியப்போகிறது என்று முன்பு மெயில் வரும், 2025 ஜூனோடு அதை நிறுத்திவிட்டார்கள். ஆட்டோ ரினியூவல் நின்றுபோனால் உங்களுக்குச் சொல்ல ஆளில்லை, அப்டைம் குமா போன்ற ஒன்றை விபிஎஸ்ஸில் போட்டுக் கண்காணியுங்கள்.

வால்ட்வார்டனையும் ஆல்-இன்-ஒன்னின் 8080 போர்ட் நிர்வாகத் திரையையும் வெளியே காட்டவே வேண்டாம். வயர்கார்டு வழியாக மட்டும் போகட்டும். இதில் டாக்கரின் குணம் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: யூஎஃப்டபிள்யூவில் (லினக்ஸின் ஃபயர்வால்) போர்ட்டை மூடியிருந்தாலும், டாக்கரில் பப்ளிஷ் செய்த (வெளியே திறந்துவிட்ட) போர்ட் திறந்தே இருக்கும். ஃபயர்வாலுக்கு அடியில் உள்ள ஐபிடேபிள்ஸில் டாக்கர் தன் விதிகளை நேரடியாக எழுதிக்கொள்ளும். பப்ளிஷ் செய்யும்போது போர்ட் எண்ணுக்கு முன்னால் 127.0.0.1 (அந்த மெஷினுக்குள் மட்டும் என்று பொருள்) சேர்த்தால் வெளியே தெரியாது. விபிஎஸ்ஸில் இதைச் சரிபார்க்காமல் விடாதீர்கள். ஆபீஸ் சர்வராவது ரவுட்டருக்குப் பின்னால் இருக்கிறது, விபிஎஸ்ஸுக்கு முன்னால் எதுவும் இல்லை.

அஞ்சல்பெட்டி:

மெயில் பற்றி. போஸ்ட்ஃபிக்ஸும் டவ்காட்டும் (மெயில் சர்வர் மென்பொருள்கள்) நிறுவுவது ஒரு மதியத்து வேலை. அனுப்பிய மெயில் பையரின் இன்பாக்ஸில் போய் விழுவதுதான் வருடம் முழுக்கப் பார்க்க வேண்டிய வேலை. ஆபீஸ் பைபர் ஐபியிலிருந்து அனுப்பினால், அந்த மாதிரி ஐபி தொகுதிகளை ஸ்பாம்ஹாஸ் பிபிஎல் (நேரடியாக மெயில் அனுப்பக்கூடாத ஐபிகள்) பட்டியலில் வைத்திருப்பதால் எடுத்த எடுப்பிலேயே நிராகரிப்பார்கள். பிடிஆர் ரெக்கார்டும் (ஐபிக்கு உரிய பெயரைச் சொல்லும் பதிவு) உங்கள் கையில் இல்லை. கிளவுடுக்குப் போனால் ஏடபிள்யூஎஸ், கூகுள் கிளவுட் இரண்டிலும் வெளியே போகிற 25ஆம் போர்ட் (மெயில் போகும் வழி) இயல்பாகவே மூடியிருக்கும். வேறு எங்காவது திறந்த போர்ட்டோடு ஐபி கிடைத்தாலும், பக்கத்து ஐபிக்காரர் ஸ்பாம் அனுப்பினால் முழுத் தொகுதிக்கும் கெட்ட பெயர். ஷிப்மென்ட் அப்ரூவல் மெயில் ஸ்பாமில் போய்ப் படுத்துக்கொண்டால் இந்த 9,800 எல்லாம் ஒரு பணமே இல்லை.

ஆனால் 9,800ஐ அப்படியே கட்டிக்கொண்டிருக்கவும் வேண்டாம். நீங்கள் கொடுப்பது பெரும்பாலும் ஸ்டோரேஜுக்கு. பைல்கள் நெக்ஸ்ட்கிளவுடுக்குப் போனபின் மெயில் மட்டும் உள்ள திட்டத்துக்கு இறங்குங்கள், ஆளுக்கு 150 ரூபாய் அளவில் கிடைக்கும், மாதம் 2,100. பழைய மெயில்களை ஐமேப்சிங்க் கொண்டு நகர்த்தலாம். முதல் நகர்த்தலை எம்எக்ஸ் (வரும் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்ற பதிவு) மாற்றுவதற்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிட்டு, மாற்றியபின் இன்னொரு முறை ஓட்டினால் நடுவில் வந்தவை மட்டும் சேரும். எம்எக்ஸ் ரெக்கார்டின் டிடிஎல்லை (பழைய பதிவு மற்றவர்களின் நினைவில் நிற்கும் நேரம்) மாற்றுவதற்கு முந்தைய நாளே 300 விநாடிக்கு இறக்கிவையுங்கள்.

நெக்ஸ்ட்கிளவுடும் ரெய்டும் அனுப்புகிற அறிவிப்பு மெயில்களுக்கு எஸ்எம்டிபி ரிலே (உங்களுக்காக மெயில் அனுப்பித் தரும் சேவை) ஒன்று வைத்துக்கொள்ளலாம். அப்போது எஸ்பிஎஃப்பில் (உங்கள் டொமைன் பெயரில் யார் மெயில் அனுப்பலாம் என்ற டிஎன்எஸ் பதிவு) அதையும் சேர்க்க வேண்டும். இங்கே நடக்கிற தவறு, இருக்கிற எஸ்பிஎஃப் வரியைத் திருத்தாமல் இரண்டாவதாக ஒரு எஸ்பிஎஃப் ரெக்கார்டு போட்டுவிடுவது. ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் பெர்ம்எரர், அதாவது எஸ்பிஎஃப்பே இல்லாத மாதிரி. ஒரே வரிக்குள் டிஎன்எஸ் தேடல் 10ஐத் தாண்டினாலும் அதே கதிதான். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் எஸ்பிஎஃப், டிகிம் (மெயிலின் டிஜிட்டல் கையொப்பம்) விஷயத்தில் கறாராக இருக்கின்றன, ஜிமெயிலுக்கு ஒரு நாளைக்கு 5,000க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு டிமார்க்கும் (அவை தவறினால் மெயிலை என்ன செய்வது என்ற பதிவு) கட்டாயம். உங்களுக்கு அந்த அளவு வராது, இருந்தாலும் மூன்றையும் போட்டுவிடுங்கள்.

பேரேடு:

டேலி விஷயத்துக்கு மட்டும் வருகிறேன். டேலி டேட்டா போல்டரை நெக்ஸ்ட்கிளவுட் சிங்க் போல்டருக்குள் வைக்கவே கூடாது. திறந்து எழுதிக்கொண்டிருக்கிற பைல்களை பாதியில் எடுத்து ஏற்றும், இன்னொரு மெஷினில் இறக்கும், ஒரு நாள் கம்பெனி திறக்காது. டேலியிலேயே பேக்கப் எடுத்து, அந்த பேக்கப் பைல் மட்டும் சிங்க் போல்டரில் விழட்டும்.

நீங்கள் பிரைவேட் லிமிடெட்டா, பார்ட்னர்ஷிப்பா என்று சொல்லவில்லை. கம்பெனி என்றால் இரண்டு விதிகளைப் பார்க்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு மென்பொருளில் ஆடிட் டிரெயில் (எந்தப் பதிவை எப்போது மாற்றினார்கள் என்ற தடம்) இருக்க வேண்டும், அதை அணைக்க முடியாதபடி இருக்க வேண்டும். கணக்குப் புத்தகங்களின் பேக்கப் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் எடுக்கப்பட வேண்டும் என்று 2022 ஆகஸ்ட் திருத்தம் சொல்கிறது. ஆக, அந்த ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் மலிவாக இருக்கிறதே என்று வெளிநாட்டு ரீஜனை (சர்வர் இருக்கும் இடம்) எடுத்தால், டேலி பேக்கப்புக்குத் தனியாக மும்பை ரீஜனில் ஒரு சின்ன பக்கெட் வைத்துக்கொள்ளுங்கள். சில ஜிபிதானே, காசே வராது.

ஈஆர்பிநெக்ஸ்ட் (கணக்கு, ஸ்டாக் எல்லாம் ஒன்றாகப் பார்க்கும் மென்பொருள்) என்று யாராவது ஆசைகாட்டுவார்கள். நல்ல மென்பொருள், ஓபன் சோர்ஸ். ஜிஎஸ்டிக்கு இந்தியா கம்ப்ளையன்ஸ் என்ற ஆப்பையும் சேர்க்க வேண்டும். அதில் இ-இன்வாய்ஸ், இ-வே பில் ஏபிஐ அழைப்புகளுக்குக் கிரெடிட் வாங்க வேண்டும் என்பதால் முழு இலவசம் என்று கணக்குப் போடாதீர்கள். டர்னோவர் 5 கோடிக்கு மேல் என்றால் 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம், ஆக இந்தச் செலவு தப்பாது. மாறுவதாக இருந்தால் ஏப்ரல் 1க்கு மாறுங்கள். நடு வருடத்தில் மாறினால் ஸ்டாக் ஓப்பனிங்கும் நிலுவை பில்களும் சேர்ந்து மார்ச் வரை உங்கள் அக்கவுண்டன்ட்டைத் தூங்கவிடாது. இந்த சர்வர் வேலை ஒரு வருடம் ஒழுங்காக ஓடட்டும், பிறகு பார்க்கலாம்.

சந்தேகப்பேர்வழி:

எல்லோரும் மென்பொருள் இலவசம் என்ற இடத்திலிருந்து தொடங்குகிறீர்கள். ஆள் இலவசமா? வாரம் இரண்டு மணி நேரமாவது யாராவது இதைப் பார்க்க வேண்டும். சிஸ்டம்காரருக்கு அதற்கென்று மாதம் 4,000 தனியாகப் பேசி வையுங்கள். பேசாமல் விட்டால் மூன்றாவது மாதம் அப்டேட் நின்றுவிடும். நெக்ஸ்ட்கிளவுடில் ஒரு பெரிய பதிப்பிலிருந்து அடுத்ததுக்குத்தான் தாவ முடியும், நடுவில் ஒன்றை விட்டுத் தாண்ட முடியாது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஆதரவு ஏறத்தாழ ஒரு வருடம். இரண்டு வருடம் தூங்கினால் படிப்படியாக ஐந்தாறு முறை ஏற வேண்டும், ஒவ்வொரு படியிலும் ஏதாவது ஒரு ஆப் ஒத்துவராது.

தனியாக ஓட்டுகிற கன்டெய்னர்களில் லேட்டஸ்ட் என்ற டேக்கை (பதிப்பு அடையாளம்) போடாதீர்கள். போஸ்ட்கிரெஸ் 16ல் எழுதிய டேட்டா டைரக்டரியை 17 திறக்காது, ஒரு நாள் புல் (புதிய பதிப்பை இறக்கும் கட்டளை) கொடுத்ததும் டேட்டாபேஸ் ஏறாமல் நிற்கும். பதிப்பு எண்ணை எழுதிவையுங்கள். டாக்கர் லாகுக்கு அளவு வரம்பும் போடுங்கள். இயல்பாக வரம்பே கிடையாது, ஓஎஸ் டிஸ்க் நிரம்பிப் படுப்பதற்கு இது ஒரு சாதாரணக் காரணம்.

ஓபன் சோர்ஸ் என்று போட்டிருப்பதெல்லாம் ஒரே மாதிரி இல்லை என்பதையும் பாருங்கள். மினியோ (சொந்த சர்வரில் ஓடும் ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ்) 2025ல் சமூகப் பதிப்பின் நிர்வாகத் திரையில் இருந்த பெரும்பாலான வசதிகளை எடுத்துவிட்டது. சாட்டுக்கு ஜூலிப் நல்லது, முழுக்க ஓபன் சோர்ஸ். ஆனால் சொந்த சர்வரில் ஓட்டினால் மொபைல் நோட்டிபிகேஷன் 10 பேர் வரைதான் இலவசம், நீங்கள் 14 பேர். இதையெல்லாம் டேட்டாவை ஏற்றுவதற்கு முன்பே படித்துவிட வேண்டும்.

என் கணக்கு இது. டவர் 18,000, நாஸ் டிஸ்க் இரண்டு 22,000, யூஎஸ்பி டிஸ்க் இரண்டு 20,000, என்விஎம்இ 4,000, யூபிஎஸ் 6,000, ஆக 70,000. விலை ஊருக்கும் மாதத்துக்கும் மாறும், கோவையிலும் விசாரியுங்கள். நான்கு வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 1,460. மின்சாரம் 30 வாட் வீதம் மாதம் 21.6 யூனிட், யூனிட் 10 ரூபாய் என்றாலும் 220க்குள். மெயில் 2,100, விபிஎஸ் 600, வெளி பேக்கப் 1,000, ஆள் 4,000. மொத்தம் 9,380. மாதம் 12,120 மிஞ்சும், வருடத்துக்கு ஏறக்குறைய 1,45,000. முதல் வருடம் இரண்டு மாதம் பழையதும் புதியதும் சேர்ந்தே ஓட வேண்டும் என்பதால் ஒரு லட்சத்தை ஒட்டித்தான் நிற்கும். உங்கள் சந்தா வருட ஒப்பந்தமா என்று பாருங்கள். பல இடங்களில் ஆள் எண்ணிக்கையைக் குறைப்பது ரினியூவலின்போது மட்டும்தான் நடக்கும், அந்தத் தேதிக்கு மூன்று மாதம் முன்னால் வேலையைத் தொடங்க வேண்டும்.

5 பேர் ஆபீஸாக இருந்தால் இதே கணக்கில் ஒன்றும் மிஞ்சாது. ஆளுக்கும் டிஸ்க்குக்கும் ஆகிற செலவு அப்படியே நிற்கும், சந்தா மட்டும்தான் குறையும்.

கொங்குநூல்:

எல்லோருக்கும் நன்றி. பார்ட்னர்ஷிப் பர்ம்தான், பேரேடு சார். விபிஎஸ் வழியையே எடுக்கலாம் என்று இருக்கிறோம். நேற்று சோதனைக்கு நெக்ஸ்ட்கிளவுட் போட்டு 3 பேரிடம் கொடுத்தோம். இரண்டு பிரச்சினை. ஒன்று, மேக்கில் போட்ட ஒரு சீசன் போல்டர் விண்டோஸில் இறங்கவே இல்லை, மேக்கில் சரியாகத் தெரிகிறது. இரண்டு, ஒரே கோரல் பைலை இரண்டு பேர் திறந்துவைத்து சேவ் செய்தால் கான்ஃபிளிக்டட் காப்பி என்று இன்னொரு பைல் முளைக்கிறது. கரண்ட் கேள்விக்கும் இன்னும் பதில் வரவில்லை.

டெபியன்தாசன்:

அந்த போல்டரின் பெயர் எஸ்/எஸ் 26 (ஸ்பிரிங்/சம்மர் சீசன்) மாதிரி ஏதாவதா? மேக்கின் ஃபைண்டர் பெயருக்குள் சாய்கோடு போட விடும், அடியில் அதை முக்காற்புள்ளியாக (:) எழுதிக்கொள்ளும். லினக்ஸ் சர்வர் அதை ஏற்கும். விண்டோஸில் முக்காற்புள்ளி உள்ள பெயரே கூடாது, அதனால் கிளையன்ட் விட்டுவிடும். பெயரை எஸ்எஸ்26 என்று மாற்றினால் இறங்கும். நெக்ஸ்ட்கிளவுட் 31 முதல் விண்டோஸுக்கு ஒவ்வாத பெயர்களைத் தடுக்கும் தேர்வு நிர்வாக அமைப்பிலேயே இருக்கிறது, 1.6 டிபியை ஏற்றுவதற்கு முன்பு அதைப் போட்டுவிடுங்கள். பெயரின் கடைசியில் இடைவெளி, புள்ளி இருந்தாலும் இதே சிக்கல்தான். பையர், சீசன், ஸ்டைல், கலர் என்று போல்டருக்குள் போல்டராகப் போகிறவர்கள் முழுப் பாதை 260 எழுத்தைத் தாண்டாமல் பார்க்க வேண்டும், பழைய விண்டோஸ் மென்பொருள்கள் அதற்கு மேல் திறக்காது.

கோரல் பைலுக்கு சிங்க் ஏற்ற முறையே அல்ல. வேலை நடக்கிற ஆர்ட்வொர்க்கை அதே சர்வரில் ஒரு சாம்பா ஷேரில் (ஆபீஸ் நெட்வொர்க்கில் எல்லோரும் திறக்கும் பொது போல்டர்) வையுங்கள், கிகாபிட் சுவிட்சில் எல்லோரும் நேரடியாகத் திறக்கலாம். ஒருவர் திறந்திருந்தால் அடுத்தவருக்கு ரீட்-ஒன்லி என்று வரும். அப்ரூவ் ஆனதும் அதை நெக்ஸ்ட்கிளவுடின் டீம் போல்டருக்கு நகர்த்தி, அங்கிருந்து பையருக்கு லிங்க் கொடுங்கள். நகர்த்துவது கிளையன்ட் அல்லது பிரவுசர் வழியாக இருக்கட்டும். சர்வரில் நேரடியாக டேட்டா டைரக்டரிக்குள் காப்பி செய்தால், ஓசிசியில் (நெக்ஸ்ட்கிளவுடின் கட்டளைக் கருவி) பைல் ஸ்கேன் ஓட்டும்வரை நெக்ஸ்ட்கிளவுடுக்கு அந்த பைல் இருப்பதே தெரியாது. சாம்பா ஷேரையும் பேக்கப் பட்டியலில் கையால் சேர்க்க வேண்டும், ஆல்-இன்-ஒன் தானாக எடுக்காது.

256 ஜிபி லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு விண்டோஸ் கிளையன்டில் விர்ச்சுவல் பைல்ஸ் போட்டுவிடுங்கள். பெயர் மட்டும் தெரியும், திறந்தால்தான் இறங்கும்.

வலைப்பின்னல்:

கரண்ட். ஆபீஸ் இன்வெர்ட்டரை நம்பாதீர்கள், மாறுகிற அந்த நொடியில் சர்வர் ரீஸ்டார்ட் ஆகலாம். யூஎஸ்பி போர்ட் உள்ள லைன்-இன்டராக்டிவ் (மின்னழுத்தத்தையும் சீராக்கும் வகை) யூபிஎஸ் ஒன்று போதும். சர்வரோடு பைபர் ஓஎன்டி (பைபர் வந்து சேரும் பெட்டி), ரவுட்டர், சுவிட்ச் மூன்றையும் அதிலேயே செருகுங்கள். சர்வர் மட்டும் உயிரோடு இருந்து பயனில்லை.

சர்வரில் நட் (யூபிஎஸ்ஸைக் கவனிக்கும் மென்பொருள்) நிறுவினால் யூபிஎஸ் பேட்டரி குறைந்ததும் ஒழுங்காக ஷட்டவுன் ஆகும். பயாஸில் (மெஷினின் அடிப்படை அமைப்புத் திரை) மின்சாரம் திரும்பியதும் தானாக ஆன் ஆகும் தேர்வைப் போடுங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது: பேட்டரி குறைந்து சர்வர் ஷட்டவுன் ஆகிவிட்டது, ஆனால் யூபிஎஸ்ஸில் இன்னும் இரண்டு நிமிட சார்ஜ் இருக்கும்போதே கரண்ட் வந்துவிட்டது என்று வையுங்கள். சர்வரைப் பொறுத்தவரை மின்சாரம் போகவே இல்லை. அதனால் அணைந்தது அணைந்தபடியே கிடக்கும், திங்கட்கிழமை காலை யாராவது பட்டனை அமுக்கும்வரை. நட்டில் கில்பவர் என்ற அமைப்பு இதற்குத்தான். ஷட்டவுனின் கடைசிக் கட்டத்தில் யூபிஎஸ்ஸையே தன் அவுட்புட்டைத் துண்டித்துத் திரும்பப் போடச் சொல்லும். மலிவு யூபிஎஸ் சிலவற்றில் இந்தக் கட்டளை வேலை செய்யாது, எனவே வாங்குவதற்கு முன் நட்டின் ஹார்டுவேர் பட்டியலில் அந்த மாடலும் அதன் டிரைவரும் இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கியபின் ஒரு ஞாயிறு, எல்லா பைலும் மூடிய நிலையில், சுவர் பிளக்கைப் பிடுங்கி, சர்வர் அணைந்த மறுநிமிடமே திரும்பச் செருகி, தானாக ஏறுகிறதா என்று சோதியுங்கள். பேட்டரி முழுதும் தீரும்வரை காத்திருந்து செருகினால் இந்தக் கோளாறு சோதனையில் பிடிபடாது.